‘கரண்ட் வைக்கப் போறாங்களாம்’: ரேடியேஷன் பயமும் வீடியோக்களும், சில கேள்வி பதில்கள்

புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை கொடுக்கும் ரேடியேஷன் பிரிவில் டெக்னீஷியனாக 14 வருடம் ஆகிறது. நீங்கள் கேட்டவற்றில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன். மருந்து, டோஸ் பற்றியெல்லாம் உங்கள் டாக்டரிடமே கேளுங்கள்.

கேள்வி: அண்ணா, அம்மாவுக்குத் தொண்டையில் கட்டி. கரண்ட் வைக்கணும் என்றதிலிருந்து, ஷாக் அடிக்குமா என்று கேட்டபடியே இருக்கிறார். சரியாகச் சாப்பிடுவதுமில்லை. வீடியோ காட்டினால் தேறுவாரா?

பதில்: ரேடியேஷனுக்கு நம் ஊரில் இந்தப் பெயர் எப்படி ஒட்டிக்கொண்டதோ, பாதிப் பயம் அதனால்தான். எக்ஸ்ரே எடுத்தபோது ஏதாவது தெரிந்ததா என்று அம்மாவைக் கேளுங்கள். அதே வகைக் கதிர்தான், சக்தி பல மடங்கு அதிகம். உடம்பில் படும்போது வலிக்காது, சுடாது.

வீடியோ காட்டலாம். ஆனால் நோயைப் பற்றிய வீடியோ வேறு, அந்த அறையைப் பற்றிய வீடியோ வேறு. அம்மாவுக்கு இப்போது வேண்டியது இரண்டாவதுதான். மெஷின் சுற்றும்போது என்ன சத்தம் வரும், எல்லோரும் ஏன் வெளியே போய்விடுகிறார்கள், கையைத் தூக்கினால் யார் பார்ப்பார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நாங்கள் வெளியே இருந்தாலும் கேமராவில் பார்த்துக்கொண்டேதான் இருப்போம், மைக்கில் பேசுவோம். உங்கள் ஆஸ்பத்திரியில் அப்படி வீடியோ இல்லையென்றால், முதல் நாளுக்கு முன்பே அறையை ஒருமுறை காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரியவருக்குப் பக்கவிளைவுகள் அத்தனையும் அடங்கிய நீளமான வீடியோவை ஒரே மூச்சில் போட்டுக் காட்டினேன். மறுநாள் அவர் வரவே இல்லை. அப்புறம் வீட்டுக்குப் போன் செய்து, பேசிப் பேசித்தான் வரவழைத்தோம். அதிலிருந்து அடுத்து நடக்கப்போவதை மட்டும்தான் காட்டுகிறேன், அதுவும் நாலைந்து நிமிடத்துக்குள்.

கேள்வி: முகத்தில் மாஸ்க் போட்டு டேபிளோடு பூட்டிவிடுவார்களாமே? எனக்கு லிஃப்டிலேயே மூச்சு முட்டும்.

பதில்: அது தலை அசையாமல் இருக்கப் போடுவது, துளைத்துளையாக இருக்கும் பிளாஸ்டிக் வலை. வெந்நீரில் போட்டால் துணி மாதிரி இளகிவிடும். முகத்தில் வைத்தால் சூடான டவல் போட்டது போல இருக்கும், சில நிமிடத்தில் இறுகும். மூச்சு தாராளமாக விடலாம். மாஸ்க் செய்வதற்கு முன்பே உங்கள் பயத்தைச் சொல்லிவிடுங்கள். கண், வாய்ப் பக்கம் வெட்டிவிட முடியுமா என்று பார்ப்பார்கள். மாஸ்க் போடும் வீடியோவைப் படுத்துக்கொண்டு, கையை அசைக்காமல் பாருங்கள். உட்கார்ந்து பார்ப்பதைவிட அதுதான் நல்ல ஒத்திகை.

கேள்வி: கண்ணில் மாட்டினால் அந்த அறைக்குள்ளேயே இருப்பது போலக் காட்டும் விஆர் கண்ணாடி உதவுமா, சார்?

பதில்: உதவும். இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் பிறந்த ‘வெர்ட்’ என்ற மென்பொருள், மாணவர்கள் பழக மெய்நிகர் ரேடியேஷன் அறையைத் திரையில் காட்டுவது. பிறகு அதையே நோயாளிகளுக்கு விளக்கவும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் கண்ணாடி இல்லையே என்று ஏங்க வேண்டாம். சாதாரண போனில் எடுத்த, உங்கள் ஆஸ்பத்திரியின் சொந்த வீடியோ எனக்கு அதைவிட மேல்.

கேள்வி: அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது, பட்டன் போன்தான்.

பதில்: படித்த நோட்டீஸைவிடக் கேட்ட குரல் நிற்கும். நர்ஸ் சொல்வதை, அவர்கள் சம்மதத்தோடு, உங்கள் போனில் பதிவு செய்து வீட்டில் போட்டுக் காட்டுங்கள்.

கேள்வி: ராத்திரி 2 மணிக்கும் கூகுளில் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

பதில்: தேடாதே என்றால் யாரும் கேட்பதில்லை, அதனால் அதைச் சொல்லவில்லை. கேள்வியை நோட்டில் எழுதி வைத்துக் காலையில் எங்களிடம் கொண்டுவாருங்கள். அப்புறம், மனக்கஷ்டத்துக்கு 0 முதல் 10 வரை நீங்களே மார்க் போடும் ‘தெர்மாமீட்டர்’ உண்டு. 4 அல்லது மேலே என்றால் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த நிலைக்கு வீடியோ போதாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

கேள்வி: ரேடியேஷன் எடுத்துவிட்டு வந்து பேரனைத் தூக்கலாமா?

பதில்: வெளியிலிருந்து மெஷினில் கொடுப்பதென்றால் தாராளமாக. மெஷின் நின்றதும் கதிரும் நின்றுவிடும், உடம்பில் தங்காது. தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் மருந்து குடித்தவர்கள் ஆஸ்பத்திரி சொன்ன நாள்வரை தள்ளியிருங்கள்.