பார்த்ததாகச் சொன்ன உள்ளான்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை கூந்தன்குளத்துக்கு ஒரு பறவை நடைக்குப் போயிருந்தேன். பாளையங்கோட்டையிலிருந்து வேனில் இருபத்திரண்டு பேர். எனக்கு இதுதான் முதல் தடவை. வழிகாட்டி விவரம் தெரிந்தவர்தான், ஆனால் யாராவது பேசினால் முறைக்கிறார். என் சிவப்புச் சட்டையை எல்லோர் முன்னாலும் கேலி செய்தார். பெயர்களை ஆங்கிலத்தில்தான் சொன்னார். வரித்தலை வாத்து, பூநாரை, கரண்டிவாயன் எல்லாம் பார்த்தோம். ஓரிடத்தில் குளத்தோரச் சேற்றில் உள்ளான் என்ற குருவி இருக்கிறது என்று ஸ்கோப் (தூரத்துப் பறவையைப் பார்க்கிற தொலைநோக்கி) வைத்துக் காட்டினார். என் முறை வந்தபோது எனக்கு ஒரே கறுப்பாகத்தான் தெரிந்தது. பின்னால் ஆள் நின்றதால் “ஆமா, சூப்பர்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். மொத்தம் 54 வகை என்று எல்லோருக்கும் பட்டியல் அனுப்பியிருக்கிறார். இப்போது எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது. பைனாகுலர் வாங்க வேண்டும். 8×42 நல்லதா, 10×50 நல்லதா?

அன்புடன்,
ஒரு வாசகன், பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பி,

சட்டை விஷயத்தில் நான் வழிகாட்டி கட்சி. பறவைக்கு நிறம் நம்மைவிட நன்றாகவே தெரியும், குளக்கரையில் சிவப்புச் சட்டை என்பது கொடி பிடித்துக்கொண்டு போகிற மாதிரி. ஆனால் அதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆங்கிலப் பெயர் பற்றி ஆரம்பித்தால் விடிந்துவிடும், இன்றைக்கு வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது, போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்த “ஆமா, சூப்பர்”தான். இரண்டு வாரமாக இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன், சரியாக நீங்கள் வந்து மாட்டினீர்கள்.

எதற்குத் தம்பி அந்தப் பொய்? ஸ்கோப்பில் கறுப்பாகத் தெரிந்தது உங்கள் குற்றமே இல்லை. கண்ணைக் கொண்டுபோய் லென்ஸில் ஒட்டினால் எல்லோருக்கும் கறுப்புதான், நம் இமைமயிர்தான் தெரியும். கொஞ்சம் பின்னால் இழுத்து, நேர்க்கோட்டுக்கு வந்தால் வட்டமாக வெளிச்சம் திறக்கும். “அண்ணே, கறுப்பா இருக்கு” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பத்து விநாடியில் அவர் சரிசெய்திருப்பார். தெரியவில்லை என்று யாருமே சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கு முன்னால் நின்று “செம” என்று சொன்னவர் மட்டும் பார்த்திருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? இருபத்திரண்டு பேரில் பாதிப் பேராவது உங்களை மாதிரிதான் நகர்ந்திருப்பார்கள் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

அதுவும் உள்ளானிடம் போய்! ஊர்ப்பக்கம் சேற்றில் ஓடுகிற பல குருவிகளுக்கும் உள்ளான் என்றே பெயர், அவர் காட்டியது அநேகமாக விசிறிவால் உள்ளானாக இருக்கும். அதன் முதுகில் வைக்கோல் நிறத்தில் நீளவாக்கில் கோடுகள் ஓடும். அறுத்த வயலிலோ காய்ந்த கோரையிலோ அது உட்கார்ந்துவிட்டால் கோரை எது, முதுகு எது என்று பிரிக்க முடியாது. அதுவும் அந்த முதுகை நம்பி அசையாமல் படுத்திருக்கும், நாம் காலை வைக்கிற அளவுக்கு நெருங்கின பிறகுதான் ‘கீச்’சென்று ஒரு கரகரப்போடு கிளம்பி, இடமும் வலமுமாக ஒடித்து ஒடித்துப் பறக்கும். இத்தனை வருஷம் பார்த்த எனக்கே உட்கார்ந்திருக்கிற உள்ளானைக் கண்டுபிடிக்க நேரம் பிடிக்கிறது. முதல் நாளே உங்களுக்குத் தெரியாமல் போனதில் என்ன அவமானம்?

சரி, என் கதையைச் சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷம் இருக்கும். களக்காட்டு மலையடிவாரத்தில் உடைமரக் காட்டுக்குள் ஒரு கூட்டமாகப் போனோம். கூட்டிக்கொண்டு போனவர் ஒரு வாட்சர், காலில் டயர் செருப்பு, பேச்சு குறைவு. ஓரிடத்தில் கையைக் காட்டி எல்லோரையும் நிறுத்தினார். “பக்கி படுத்திருக்கு” என்றார். பக்கி தெரியும்தானே? ராத்திரி ரோட்டில் உட்கார்ந்திருந்து, வண்டி வெளிச்சம் பட்டால் கண் செவசெவ என்று மின்னுமே, அது. கூடு கட்டாது, வெறுந்தரையிலேயே முட்டையிடும், பகல் முழுக்கச் சருகோடு சருகாகக் கிடக்கும். மூன்று கஜ தூரம்தான். எல்லோரும் “ஆ, ஆ” என்றார்கள். எனக்குச் சருகு தெரிந்தது, ஆட்டுப் புழுக்கை தெரிந்தது, ஒரு பீடித்துண்டுகூடத் தெரிந்தது. நானும் “ஆமாமா” என்றேன்.

கூட்டத்தில் ஒருவர் மகனைக் கூட்டி வந்திருந்தார், எட்டு வயசு இருக்கும். அவன் பட்டென்று சொன்னான்: “எனக்குத் தெரியலை.” அப்பா “பேசாம இருல” என்று அதட்டினார். வாட்சர் அவரைத் திரும்பியே பார்க்கவில்லை. பையன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு சுள்ளியை எடுத்துத் தரையில் அம்பு மாதிரி வைத்தார். “இந்தக் குச்சி போற திசையில போ. வெள்ளைக் கல்லு. அங்கேருந்து ரெண்டு சாண் இடது பக்கம். குருவியத் தேடாத, காத்தடிக்கும்போது எல்லாச் சருகும் அசையும், அசையாத சருகு எதுன்னு மட்டும் பாரு.” இருவரும் பத்து நிமிஷம் அப்படியே இருந்தார்கள். காற்று வந்தது, போனது. திடீரென்று அவன் வாட்சர் தொடையை இறுக்கிப் பிடித்து, “கண்ணு இருக்கு, லேசா மூடியிருக்கு” என்று கிசுகிசுத்தான்.

நான் அவர்களுக்குப் பின்னால் நின்று, குச்சி, வெள்ளைக் கல், ரெண்டு சாண் எல்லாவற்றையும் திருட்டுத்தனமாகக் கேட்டு எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாட்சர் தலை மறைத்தது. கொஞ்சம் நகருங்கள் என்று கேட்க முடியவில்லை, நான்தான் ஏற்கெனவே பார்த்துவிட்டேனே! வீட்டுக்கு வந்து நோட்டில் தேதி போட்டு ‘பக்கி, 1’ என்று எழுதினேன். பகலில் படுத்திருக்கிற பக்கியை நான் நிஜமாகப் பார்த்தது அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் கழித்து. அதுவும் மிதிக்கப்போய், அது எழுந்து பறந்ததால்.

உங்களுக்கு வந்த பட்டியல் அநேகமாக, பார்த்த பறவைகளைப் பதிந்துவைக்கிற இ-பேர்ட் என்ற இணையதளத்தில் பகிர்ந்ததாக இருக்கும். அதை ஏற்றுக்கொண்டால் 54 வகையும் உங்கள் பெயரிலும் ஏறிவிடும். நீங்கள் பார்க்காததை உங்கள் பிரதியிலிருந்து எடுத்துவிட அதிலேயே வசதி இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள். குரலை மட்டும் கேட்டு அடையாளம் தெரிந்தால்கூடக் கணக்கில் சேர்க்கலாம், அவ்வளவு தாராளம். பக்கத்து ஆள் பார்த்ததை மட்டும் சேர்க்க முடியாது. எத்தனை உள்ளான், எங்கே, எந்த மாதம் என்று அந்தக் கணக்கை வைத்து ஆராய்ச்சி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இருபத்திரண்டு ‘சூப்பர்’ சேர்ந்தால் அவர்கள் என்ன செய்வார்கள், பாவம்.

உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை தம்பி. கறுப்பாகத் தெரிந்தது என்று எனக்கு எழுதினீர்களே, அந்த வாட்சரிடம் நான் சொல்லாதது அதுதான். அடுத்த தடவை வேனில் போகாதீர்கள், பஸ்ஸில் போங்கள். ஊருக்குள் வீட்டு மரத்திலேயே நாரை கூடு கட்டுகிற ஊர் அது. காயப்போட்ட துணியில் எச்சம் விழுந்தாலும் விரட்டாதவர்கள், தீபாவளிக்குக்கூட வெடி போடாதவர்கள். நின்று நிதானமாகப் பார்த்தால் உங்களை யாரும் பின்னாலிருந்து தள்ள மாட்டார்கள். உள்ளான் வலசை வருவது, ஏப்ரலில் கிளம்பிவிடும். அதற்குள் போங்கள். போகுமுன் பட்டியலில் அதை எடுத்துவிட்டுப் போங்கள், 53 ஒன்றும் கேவலமான எண் இல்லை.

அட, பைனாகுலர் கேட்டிருந்தீர்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன் லென்ஸின் அகலம், மில்லிமீட்டரில். 8×42 போதும், பத்து என்றால் கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும், 50 என்றால் கனம் கழுத்தை இழுக்கும். ஆனால் கண்ணாடி போடுகிறவர் என்றால் லென்ஸிலிருந்து கண் எவ்வளவு தள்ளி இருந்தாலும் முழுக்காட்சி தெரியும் என்கிற தூரத்தைப் பார்த்து வாங்க வேண்டும், கண் வைக்கிற இடத்து ரப்பர் வளையத்தையும் கீழே இறக்கி வைத்துத்தான் பார்க்க வேண்டும். நீங்கள் கண்ணாடி போடுகிறவரா இல்லையா, அதை எழுதவே இல்லையே?