கவுன்சலிங் போனால் வீட்டுக்குத் தெரிந்துவிடுமா?

அன்புள்ள மேடம்,

எனக்கு 27 வயது. கரூரில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் வேலை. சில மாதங்களாகத் தூக்கமில்லை. கவுன்டரில் கூட்டம் சேர்ந்தாலே நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது. இதயத்தில் கோளாறு இல்லை, மனநல மருத்துவரைப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இங்கே கிளினிக் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள். வீட்டில் வரன் பார்க்கிறார்கள். நானும் அப்பாவும் சேர்ந்து வைத்திருக்கும் கணக்கில் பணம் எடுத்தால் அவர் போனுக்கும் எஸ்.எம்.எஸ். போகும். ஆபீஸ் இன்ஷூரன்ஸில் பில் போட்டால் ஹெச்.ஆருக்குத் தெரியுமோ? பொய்ப் பெயரில் போகலாமா? நான் பேசுவதை வீட்டில் சொல்லிவிட மாட்டார்களே?

– பெயர் வேண்டாம், கரூர்

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: சொல்லக்கூடாது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு இந்த இரகசியத்தை உங்கள் உரிமையாக்கியிருக்கிறது. நீங்கள் 18 வயதைத் தாண்டியவர். பெற்றோர் என்பதாலேயே விவரம் கேட்டு வாங்க முடியாது. 'இந்தப் பேருல ஒரு பொண்ணு அங்க வருதா?' என்று மாப்பிள்ளை வீட்டார் போன் போட்டால், 'யார் வருகிறார்கள் என்று நாங்கள் சொல்வதில்லை' என்பதே சரியான பதில். உங்களுக்குப் பரிந்து 'அப்படி யாரும் வரவில்லை' என்பதும் தப்பு. ஒருவருக்கு அப்படிச் சொல்லிவிட்டு, இன்னொருவர் விஷயத்தில் அதைச் சொல்லாமல் விட்டாலே 'ஆமாம், வருகிறார்' என்று ஆகிவிடும்.

விதிவிலக்குகள் உண்டு: உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு, உங்களுக்குச் சிகிச்சை தரும் மற்ற மருத்துவர்கள். அப்போதும் தேவையான அளவு மட்டுமே. 'செத்துப்போகலாம் போலிருக்கிறது' என்றதுமே வீட்டுக்குப் போன் போய்விடும் என்று பயந்து பலர் அதையே மறைக்கிறார்கள். அந்த எண்ணம் வருவது வேறு. திட்டம் போட்டுத் தயாராக இருப்பது வேறு. பின்னதில்தான் வீட்டாரை அழைப்பார்கள், அதையும் முடிந்தவரை உங்களிடம் சொல்லிவிட்டு.

பலர் கவனிக்காத இடம் ஒன்று: நியமனப் பிரதிநிதி, அதாவது சிகிச்சை முடிவுகளில் உங்களுக்குத் துணையாக நிற்பவர். மருத்துவமனையில் சேரும் நிலை வந்தால், நீங்கள் யாரையும் நியமிக்காதபோது உறவினர் அந்த இடத்துக்கு வருவார். அவருக்கு விவரம் சொல்லலாம். அக்காவோ தோழியோ நம்பிக்கையான ஒருவரை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நியமித்துவிடுங்கள். அவரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். முத்திரைத்தாள் வேண்டாம்.

இனி நடைமுறை. விஷயம் பெரும்பாலும் ஆலோசகர் வாயிலிருந்து வெளியே போவதில்லை, அப்பாயின்ட்மென்ட் எஸ்.எம்.எஸ்., யு.பி.ஐ. பதிவு, குப்பைக்கூடையில் போட்ட மாத்திரை அட்டை, இவற்றிலிருந்துதான் போகும். உங்கள் பெயரில் மட்டும் தனிக் கணக்கு தொடங்குங்கள், அல்லது ரொக்கமாகக் கொடுங்கள். எந்த எண்ணில், எந்த நேரத்தில் அழைக்கலாம் என்று முதல் நாளே ரிசப்ஷனில் எழுதிக் கொடுங்கள். உங்களைப் பற்றிய குறிப்பேடு எங்கே இருக்கும், யார் பார்ப்பார்கள் என்றும் கேளுங்கள். கேட்பதற்குச் சங்கடப்பட ஒன்றுமில்லை. வீடியோவில் பேசுவதானால், இயர்போன் ஆலோசகர் குரலைத்தான் மறைக்கும், உங்கள் குரலை அல்ல. ஊரில் முடியாதென்றால் திருச்சி, ஈரோட்டில் பாருங்கள்.

பில் போட்டால் நோயின் பெயர் இன்ஷூரன்ஸ் தரப்புக்குப் போகும். பில்லை ஹெச்.ஆர். வழியாக அனுப்பும் வழக்கமென்றால் அங்கேயும் தெரியும். நேரடியாகப் பதிவேற்ற முடியுமா என்று பாருங்கள், இல்லையேல் கைக்காசு போடுங்கள். பின்னால் சொந்தமாகப் பாலிசி எடுக்கும்போது மட்டும் மறைக்காதீர்கள், க்ளெய்ம் நிராகரிக்கப்படலாம்.

பொய்ப் பெயர் வேண்டாம். மருந்துச் சீட்டு, விடுப்புச் சான்றிதழ், பழைய பதிவு எதுவும் பின்னால் உங்களுக்கு உதவாது. அதைவிட முக்கியம், யாரிடம் போகிறீர்கள் என்பது. சட்டம் சொல்லும் மனநல நிபுணர்களில் மனநல மருத்துவரும் மருத்துவ உளவியலாளரும் உண்டு; உளவியலாளரிடம் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் கேளுங்கள். சில வாரப் பயிற்சியோடு 'கவுன்சலர்' போர்டு மாட்டியவர் மேல் இந்தச் சட்டத்தை வைத்து நடவடிக்கை எடுப்பது சிரமம்.

பெயர் சொல்லாமல் இன்றே பேச வேண்டுமென்றால், 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். பேசி முடித்ததும் கால் பதிவை அழித்துவிடுங்கள்.