வெட்டிய ஸ்பிரிங்கைக் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள்

கேள்வி: அப்பா 1989-இல் வாங்கிய மாருதி 800. பின்பக்கத்தைத் தாழ்த்த ஆசைப்பட்டு ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன், காயில் ஸ்பிரிங்கை ஒன்றரைச் சுற்று வெட்டிப் போட்டார்கள். மூன்றாம் வாரம் ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கியதும் இடது ஸ்பிரிங் நழுவி, டயர் கிழிந்து, வண்டி ஒரு மதிலில் மோதியது. கேட்கப் போனால் ஒர்க்‌ஷாப்காரர் நாலு பேர் முன்னால் அசிங்கமாகப் பேசுகிறார். சீட்டிங் கேஸ் போட முடியுமா? (கோவை வாசகர்)

பதில்: அவர் பேசியதையும் அப்பாவின் ஞாபகத்தையும் ஓரமாக வையுங்கள். சீட்டிங், அதாவது மோசடி வழக்கு, நிற்காது. பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். இவர் வேலையைச் செய்திருக்கிறார், மோசமாகச் செய்திருக்கிறார். சேவைக் குறைபாடு, மாவட்ட நுகர்வோர் ஆணையம், 2 வருடக் கெடு, அவ்வளவுதான்.

வெட்டியதைப் பற்றிப் புலம்பாதீர்கள், தாழ்த்தச் சொன்னதே நீங்கள்தான். நிற்கும் கேள்வி ஒன்றுதான்: பின்சக்கரம் முழுசாகத் தொங்கும்போது ஸ்பிரிங் அதைத் தாங்கும் கிண்ணத்தில் இறுகி உட்கார்ந்திருந்ததா? ஸ்பிரிங் குட்டையாகிவிட்டது, ஷாக் அப்சார்பர் பழைய நீளம், அச்சு முன்போலவே இறங்கும், ஸ்பிரிங் எட்டாது. குட்டை ஷாக்கோ, அச்சை ஓரளவுக்கு மேல் இறங்கவிடாத பட்டையோ, கடைசிச் சுற்றைப் பிடிக்க ஒரு கிளாம்ப்போ போட்டிருக்க வேண்டும். அது தெரிந்திருக்க வேண்டியது அவருக்கு.

சரி, ஆபத்து எங்கே என்றால், வண்டி ஓட வேண்டுமே என்று வேறு மெக்கானிக்கிடம் புது ஸ்பிரிங் மாட்டி, பழையதை எடைக்குப் போட்டுவிட்டு அப்புறம் என்னிடம் வருகிறார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பது ஒரே வரி: "அந்த ஸ்பிரிங் எங்கே?" உங்கள் வலது ஸ்பிரிங் இன்னும் இடத்தில் இருக்கிறதல்லவா, அதைத் தொடாதீர்கள். லைசென்ஸ் உள்ள இன்சூரன்ஸ் சர்வேயரை (வண்டிச் சேதத்தை மதிப்பிடுபவர்) வைத்து, ஒர்க்‌ஷாப்காரருக்கும் தேதி சொல்லிவிட்டு, பாடியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு ஸ்பிரிங்கைக் கையால் திருப்பிப் பாருங்கள். அது சும்மா சுற்றினால் அந்த வீடியோவே பாதி கேஸ்.

இன்னொன்று, கோபத்தில் நீங்களே நோட்டீஸ் எழுதாதீர்கள். "இன்னும் ரெண்டு விரல் இறக்குங்க" என்று நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் அவரிடம் பத்திரமாக இருக்கும். கம்பெனி அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது; மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ-வில் அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இருக்கிறது. ஸ்பிரிங் முனையில் கிரைண்டர் தடம் இருக்கும்போது இன்சூரன்ஸ் படிவத்தில் எதையும் மறைக்கவும் வேண்டாம்.

அதனால் என்னைக் கேட்டால், சமாதானமாகப் போங்கள். வீடியோவைக் காட்டி, இரண்டு புது ஸ்பிரிங், டயர், மதில் செலவு, கொடுத்த கூலி, இவ்வளவும் கேளுங்கள். முக்கால்வாசிக்கு ஒத்துக்கொண்டால் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். பணம் கைக்கு வரும்வரை வலது ஸ்பிரிங் வண்டியிலேயே இருக்கட்டும்.