தூதரகக் கவுன்டருக்கு உள்ளே இருந்தவன் சொல்கிறேன்: வேலூர்ப் பக்கத்துக் கேள்விகள், பதில்கள்

வெளியுறவுத் துறையில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தேன். வளைகுடாவில் இரண்டு ஊர், ஆப்பிரிக்காவில் ஒன்று, ஐரோப்பாவில் ஒன்று, நடுநடுவே டெல்லி. நான் தூதர் இல்லை. உதவியாளராகச் சேர்ந்து, கான்சுலர் பிரிவில் (வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்களின் பாஸ்போர்ட், சான்றிதழ், உதவி வேலைகளைப் பார்க்கும் பிரிவு) அட்டாஷேயாக, அதாவது கீழ்நிலை அதிகாரியாக, ஓய்வு பெற்றவன். இப்போது காட்பாடியில் இருக்கிறேன். நம் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தூதரகத்தில் ஒரு நாள் எப்படிப் போகும் சார்? கோட்டு சூட்டு, விருந்து என்றுதான் சினிமாவில் பார்க்கிறோம். (ஆசிரியை, குடியாத்தம்)

விருந்தும் உண்டு அம்மா. ஜனவரி 26 வரவேற்புக்கு ஒருமுறை ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வரவழைத்தேன், தட்டு காலியாகிவிட்டது. ஆனால் கான்சுலர் பிரிவுக்கு வருடம் முழுக்கக் கவுன்டர்தான். பாஸ்போர்ட் புதுப்பிக்க ஒருவர், பிறந்த குழந்தையைப் பதிய ஒருவர், ஊரில் நிலம் விற்கத் தம்பிக்குப் பவர் எழுதிக் கையெழுத்துச் சான்று வாங்க ஒருவர். மதியத்துக்கு மேல் ஆஸ்பத்திரி, ஜெயில், லேபர் கேம்ப். அதெல்லாம் முடிந்த பிறகு டூட்டி போன்.

ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு அந்த போன் அடித்தது. பேரணாம்பட்டிலிருந்து ஒரு அம்மா. "தம்பி போன் ஒன்பது நாளா சுவிட்ச் ஆஃப்ல இருக்குங்க." தம்பி பெயர் முருகன், அப்பா ஏழுமலை (பெயர்களை மாற்றியிருக்கிறேன்). போலீசில் கேட்டோம், ஆஸ்பத்திரிகளில் கேட்டோம். முருகன் என்று யாரும் இல்லை என்றார்கள். மறுநாள் நானே நேரில் போய் வார்டு வார்டாகப் பார்த்தேன். மூன்றாவது ஆஸ்பத்திரியில் காலில் மாவுக்கட்டோடு நம் ஊர் முகம் ஒன்று படுத்திருந்தது. மணிக்கட்டுப் பட்டையில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தால், 'இஸ்ஹுமலாய்'. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் இருந்தது. அதை மட்டும் எடுத்து அரபியில் எழுதிவிட்டார்கள். அரபியில் ழகரம் கிடையாது. விபத்தில் போன் நொறுங்கிப்போயிருந்தது, வீட்டு நம்பர் அவருக்கு மனப்பாடம் இல்லை. என் போனிலேயே அக்காவிடம் பேசவைத்தேன். இரண்டு பேருமே பேசவில்லை, அழுதார்கள்.

அதனால்தான் பார்க்கிறவர்களிடமெல்லாம் கெஞ்சிக் கேட்கிறேன். வெளிநாடு போகிறவருடைய பாஸ்போர்ட் நகல், அந்த நாட்டு அடையாள அட்டை நகல், கம்பெனிப் பெயர் (அந்த ஊர் எழுத்திலும்), கூட வேலை செய்யும் ஒருவரின் நம்பர் ஆகிய நான்கும் வீட்டில் ஒரு காகிதத்தில் இருக்கட்டும். நம் இனிஷியல் பழக்கம் மற்ற நாட்டுப் படிவங்களுக்குப் புரியாது.

பாஸ்போர்ட் தொலைந்தால்? (ஆம்பூர்)

முதலில் அந்த ஊர் போலீசில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள், பிறகு தூதரகம் வாருங்கள். அங்கேயே தொடர்ந்து வேலை பார்ப்பவருக்குப் புது பாஸ்போர்ட் கிடைக்கும். உடனே ஊர் திரும்ப வேண்டியவருக்கு 'எமர்ஜென்சி சர்டிஃபிகேட்'. அது இந்தியா வந்து சேர மட்டும்தான், ஒரே ஒரு பயணம். பழைய நகல் கையில் இருந்தால் நீங்கள் இந்தியர்தான் என்று சரிபார்க்கும் வேலை சுருங்கிவிடும்.

அரெஸ்ட் ஆனவரைத் தூதரகம் வெளியே கொண்டுவர முடியாதா? ஏன் கைவிரிக்கிறார்கள்? (மேல்விஷாரம்)

உங்கள் கோபம் புரிகிறது பாய். ஆனால் அந்த நாட்டுச் சட்டத்துக்குள் போய் ஆளை இழுத்துவர எந்தத் தூதரகத்துக்கும் அதிகாரம் இல்லை. கான்சுலர் வேலைகள் பற்றி நாடுகள் செய்துகொண்ட 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆவது பிரிவு நமக்குக் கொடுப்பது வேறு. கைதானவர் கேட்டால், அந்தத் தகவலைப் போலீஸ் நம் தூதரகத்துக்குச் சொல்லியாக வேண்டும். நாங்கள் போய்ப் பார்க்கலாம், பேசலாம், வக்கீல் ஏற்பாடு செய்ய உதவலாம். அந்த 'கேட்டால்' என்ற சொல்லை மறக்காதீர்கள். பயத்தில் பலர் கேட்பதே இல்லை. படிக்கத் தெரியாத மொழியில் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். 'என் எம்பசிக்குச் சொல்லுங்கள்' என்ற ஒரு வாக்கியத்தையாவது அந்த ஊர் மொழியில் கற்றுக்கொண்டு விமானம் ஏறட்டும்.

ஜெயிலுக்குப் போகும்போது நான் தமிழ் வாரப் பத்திரிகை எடுத்துப் போவேன். அனுமதித்த இடங்களில் அதை வாங்கியதும் முதலில் முகர்ந்து பார்ப்பார்கள்.

டிப்ளமேட் என்ன செய்தாலும் சட்டம் தொடாதாமே? (சட்டக் கல்லூரி மாணவர், வேலூர்)

அந்தப் பாதுகாப்பு ஆளுக்குச் சொந்தமில்லை தம்பி, அனுப்பிய நாட்டுக்குச் சொந்தம். தூதர்கள் பற்றிய 1961 வியன்னா உடன்படிக்கைப்படி அந்த நாடே அதை விலக்கிக்கொள்ளலாம். போயிருக்கும் நாடு 'இவர் வேண்டாம்' என்று திருப்பி அனுப்பலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளூர்ச் சட்டத்தை மதிக்க வேண்டும் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. கான்சுலேட் அதிகாரிகளுக்கு இன்னும் குறைவு, பெரும்பாலும் அலுவல் சார்ந்த காரியங்களுக்கு மட்டும்.

அங்கே ஒருவர் இறந்துபோனால் உடல் வர ஏன் இவ்வளவு நாள் ஆகிறது? (பெயர் வேண்டாம், வாணியம்பாடி)

முப்பத்து மூன்று வருடத்தில் எனக்கு மிகக் கனமாக இருந்த வேலை இதுதான். மரணச் சான்றிதழ், போலீஸ் அறிக்கை, உடலைப் பதப்படுத்திய சான்றிதழ், பாஸ்போர்ட்டை ரத்து செய்வது, தூதரகத்தின் தடையில்லாச் சான்று என்று எல்லாம் சேர்ந்தால்தான் விமானத்தில் ஏற்றுவார்கள். இயற்கை மரணம் என்றால் வேகமாக நடக்கும். விபத்து, தற்கொலை என்றால் விசாரணை முடிகிறவரை காத்திருக்கத்தான் வேண்டும். உடலை ஊருக்குக் கொண்டுவருவதா, அங்கேயே அடக்கமா என்று வாரிசு எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டில் ஒருவர் கொண்டுவா என்பார், ஒருவர் வேண்டாம் என்பார், அதிலேயே நாள் போகும். பேசி முடிவெடுத்து ஒரே ஆள் தூதரகத்தோடு பேசுங்கள்.

செலவுக்கு வழியில்லை என்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்தியர் சமூக நல நிதி என்று 2009 முதல் தூதரகங்களில் ஒரு நிதி இருக்கிறது. பாஸ்போர்ட், விசா வேலைகளுக்குக் கட்டணத்தோடு வாங்கும் சிறு தொகையில் சேர்வது அது. வெட்கப்பட்டுக்கொண்டு நகையை அடகு வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்த வேலைக்கு எப்படிச் சேருவது? (பி.எஸ்சி. மாணவி, ராணிப்பேட்டை)

அதிகாரியாக என்றால் யுபிஎஸ்சி சிவில் சர்வீஸ் தேர்வு எழுதி ஐஎஃப்எஸ் (இந்திய வெளியுறவுப் பணி) வாங்க வேண்டும். முசூரியிலும் டெல்லியிலும் பயிற்சி, அப்புறம் ஒரு வெளிநாட்டு மொழி கட்டாயம். எஸ்எஸ்சி (மத்தியப் பணியாளர் தேர்வாணையம்) பட்டதாரிகளுக்கு நடத்தும் சிஜிஎல் தேர்வில் வெளியுறவு அமைச்சக உதவிப் பிரிவு அலுவலர் பதவியும் இருக்கிறது. என்னைப் போலக் கீழிருந்து வர அதுதான் வழி, வெளிநாட்டுப் பணியும் உண்டு. டிகிரி போதும். நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இது தெரியாமலே இருக்கிறது, எனக்கு அது பெரிய வருத்தம்.

நம் ஜில்லாவிலிருந்து தூதர் ஆனவர் யாராவது உண்டா? (ஆற்காடு)

இருக்கிறாரே! டாக்டர் ராதாகிருஷ்ணன். அவர் பிறந்த 1888இல் திருத்தணி வட ஆற்காடு ஜில்லாவில் இருந்தது. வேலூர் ஊரிஸ் கல்லூரியில் படித்தவர். 1949 முதல் 1952 வரை மாஸ்கோவில் இந்தியத் தூதர்.

பிள்ளைகள் படிப்பு? (காட்பாடி)

ஏறக்குறைய மூன்று வருடத்துக்கு ஒரு பள்ளி. என் மகள் ஐந்து பள்ளிக்கூடம் மாறினாள். அவளுக்கு நெருங்கிய தோழி என்று ஒருத்தி அமையவே இல்லை. அதை நான் ஈடு செய்யவில்லை.

என் வீட்டுக்காரர் ஆறு மாசம் முன்னால் விசிட் விசாவில் போனார். அங்கே போய் வேலை விசாவா மாத்திக்கலாம்னு ஏஜென்ட் சொன்னார். சம்பளம் இல்லை, பாஸ்போர்ட்டை முதலாளி வைத்திருக்கிறார். (கே.வி.குப்பம்)

அம்மா, பயப்படாதீர்கள். இந்தியப் பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. அதை முதலாளி பிடித்து வைத்திருக்கிறார் என்று தூதரகத்தில் எழுத்தில் கொடுக்கலாம். அவரால் வெளியே வர முடியாவிட்டால் நீங்கள் இங்கிருந்தே வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் புகார் பதியலாம். சென்னையில் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகத்துக்கும் ஒரு மனு அனுப்புங்கள். விசா முடிந்திருந்தால் அபராதம் வரும், அதைப் பற்றியும் தூதரகத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

ஏஜென்டுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? பதிவு பெற்ற ஏஜென்டே சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். அவர் பதிவு பெற்றவரா என்று வெளியுறவு அமைச்சகத்தின் 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பார்த்துவிடலாம். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், அவர் அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். உங்கள் கணவரின் பாஸ்போர்ட் நகலையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வாருங்கள். மனு இரண்டையும் உட்கார்ந்து எழுதிவிடலாம்.