எட்டுப் பேர் சேர்ந்தால் சபாநாயகரைக் கவிழ்க்கலாமா? (கேள்வி பதில்)

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஒரு சின்னக் கோஷ்டி சபாநாயகரையே எப்படி ஆட்டி வைக்கிறது என்று ஆளுக்கொரு கேள்வி கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன். நான் பேராசிரியர் எல்லாம் இல்லை, வாக்கெடுப்புப் பட்டியல்களை உட்கார்ந்து வாசிக்கும் கெட்ட பழக்கம் உள்ளவன், அவ்வளவுதான்.

கே: சார், சபாநாயகர் என்றால் நடுநிலையாக உட்கார்ந்து "அமைதி, அமைதி" என்று சொல்பவர்தானே? அவரை மிரட்டி என்ன கிடைக்கப் போகிறது?

நம்மூர் சபாநாயகரை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஒன்றும் புரியாது. அங்கே அவர் பெரும்பான்மைக் கட்சியின் தலைவர். எந்த மசோதா எப்போது அவைக்கு வரும், எது வராமலே செத்துப்போகும், பட்ஜெட்டுக்கு வெள்ளை மாளிகையோடு யார் பேரம் பேசுவது, எல்லாம் அவர் கையில். அதிபருக்கும் துணை அதிபருக்கும் ஏதாவது ஆகிவிட்டால் அடுத்து நாற்காலி இவருக்குத்தான். நம் அவை முன்னவர், கட்சித் தலைவர், சபாநாயகர் மூவரையும் ஒரே ஆளாக்கினால் எப்படி, அப்படி. அவரை அசைத்தால் சபையே அசையும்.

கே: 435 பேர் உள்ள சபையில் 20 பேருக்கு எப்படி இவ்வளவு பலம்? கணக்கு புரியவில்லை.

கணக்கு சுலபம். எல்லோரும் வந்து வாக்களித்தால் 218 வேண்டும். 2023 ஜனவரியில் குடியரசுக் கட்சிக்கு 222 இடங்கள். எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சி மொத்தமாகத் தன் ஆளுக்கே போடும், ஒரு வாக்குகூட இந்தப் பக்கம் வராது. அப்படியானால் சபாநாயகர் ஆக ஆசைப்பட்ட கெவின் மெக்கார்த்தி எத்தனை பேரை இழக்கலாம்? நான்கு பேரை. எதிர்த்து நின்றவர்களோ 19, 20 பேர்.

ஆனால் எல்லோரும் கவனிக்காமல் விடுவது வேறொன்று. அந்த 20 பேரின் பலம் அவர்களுடைய சொந்தப் பலம் இல்லை. தலைவர் எதிர்க்கட்சி வாக்கைத் தொடவே மாட்டார், தொட்டால் சொந்தக் கட்சிக்குள்ளேயே துரோகி ஆகிவிடுவார் என்ற நிலைமை கொடுத்த இரவல் பலம் அது. ஹேஸ்டர்ட் விதி என்று ஒன்று உண்டு (சட்டம் இல்லை, குடியரசுக் கட்சியினரின் வழக்கம்தான்): தன் கட்சியில் பாதிப் பேருக்கு மேல் ஆதரிக்காத மசோதாவை சபாநாயகர் வாக்கெடுப்புக்கே கொண்டுவரக் கூடாது. அந்த வேலியைத் தாண்ட மாட்டேன் என்று அவர் நிற்கும் வரைக்கும், வேலிக்குள் இருக்கிற கடைசி ஆள்தான் ராஜா.

கே: இந்த ஃப்ரீடம் காகஸ் என்பது யார்? எப்போது கிளம்பினார்கள்?

குடியரசுக் கட்சிக்குள் இருக்கும் தீவிர வலதுசாரிகள் 2015 ஜனவரியில் தொடங்கிய குழு, முதல் தலைவர் ஜிம் ஜோர்டன். அன்று ஏறத்தாழ 40 பேர். அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு: ஐந்தில் நான்கு பங்கு பேர் ஒரு நிலைப்பாட்டுக்கு ஒப்புக்கொண்டால் மீதிப் பேரும் அதன்படியே வாக்களிக்க வேண்டும். அதாவது கட்சிக்குள் ஒரு குட்டிக் கட்சி, அதற்கென்று ஒரு கொறடா. அப்போது குடியரசுக் கட்சிக்கு 247 இடங்கள், வசதியான பெரும்பான்மைதான், ஆனால் அதிலிருந்து 40-ஐக் கழித்துப் பாருங்கள், 207.

அன்றைய சபாநாயகர் ஜான் பேனர் முதலில் தண்டித்துப் பார்த்தார். தனக்கு எதிராக வாக்களித்த இருவரை விதிகள் குழுவிலிருந்து தூக்கினார். மார்க் மெடோஸ் என்பவரின் துணைக்குழுத் தலைவர் பதவியும் அந்த ஜூனில் பறிக்கப்பட்டது, ஆனால் எழுந்த கூச்சலில் சில நாட்களிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. கெஞ்சினால் மிஞ்சுவான் என்பார்களே, அதுதான். அடுத்த மாதம், 2015 ஜூலை 28 அன்று, அதே மெடோஸ் சபாநாயகர் பதவியைக் காலியாக்கும் தீர்மானத்தைத் தாக்கல் செய்தார். அது வாக்கெடுப்புக்கு வரவே இல்லை. வர வேண்டிய அவசியமும் இல்லாமல் போய்விட்டது. செப்டம்பர் 24 அன்று போப் பிரான்சிஸ் நாடாளுமன்றத்தில் உரையாற்றினார், மறுநாள் பேனர் விலகுவதாக அறிவித்துவிட்டார்.

அவரைக் காப்பாற்ற ஜனநாயகக் கட்சி வாக்குகள் தேவைப்பட்டிருக்கும், அவர்கள் தயவில் நாற்காலியில் உட்கார்வதைவிட எழுந்து போவது மேல் என்று தோன்றியிருக்கும் என்பது என் ஊகம்.

கே: 2023-இல் 15 சுற்று வாக்கெடுப்பு நடந்ததே, அதை நேரலையில் பார்த்தீர்களா?

பார்க்காமல் இருப்பேனா! ஜனவரி 3 அன்று தொடங்கியது. முதல் சுற்றில் மெக்கார்த்திக்கு 203, எதிர்க்கட்சியின் ஹக்கீம் ஜெஃப்ரிஸுக்கு 212, சிதறிய வாக்குகள் 19. இரண்டாம் சுற்றில் இன்னும் வேடிக்கை: ஜிம் ஜோர்டன் எழுந்து மெக்கார்த்தியை முன்மொழிகிறார், அடுத்த நிமிடம் எதிர்ப்புக் கோஷ்டியின் மேட் கேட்ஸ் எழுந்து அதே ஜோர்டனை முன்மொழிகிறார்! ஜோர்டன் வேண்டாம் என்றாலும் அவருக்கு 19 வாக்கு விழுந்தது. இன்னொரு சுவாரசியம், சபாநாயகர் இல்லாததால் கேமராவுக்கும் கட்டுப்பாடு இல்லை. வழக்கமாகப் பேசுபவர் முகத்தை மட்டும் காட்டும் ஒளிபரப்பு அந்த நான்கு நாளும் யார் யாரிடம் குசுகுசுக்கிறார் என்பதையெல்லாம் காட்டியது.

பதினான்காவது சுற்று நம் நேரத்துக்குச் சனிக்கிழமை காலை. இட்லியைப் பிய்த்துக்கொண்டே பார்க்கிறேன், ஒரே ஒரு வாக்கு குறைகிறது, கேட்ஸ் "அவையில் இருக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார், மெக்கார்த்தி அவரிடம் நடந்து போய்ப் பேசுகிறார், நடக்கவில்லை, மைக் ராஜர்ஸ் என்ற உறுப்பினர் கேட்ஸை நோக்கிப் பாய, இன்னொருவர் அவர் முகத்தைப் பிடித்துப் பின்னால் இழுக்கிறார். பதினைந்தாவது சுற்றில் முடிந்தது. 216 வாக்குகள். எதிர்த்தவர்களில் கடைசி ஆறு பேரும் யாருக்கும் போடாமல் "இருக்கிறேன்" என்று மட்டும் சொன்னதால், தேவையான எண்ணிக்கை குறைந்து 216-லேயே ஜெயித்தார். எதிர்ப்பையும் கைவிடாமல் ஆளையும் ஜெயிக்கவிடும் வழி அது.

கே: அதற்கு மெக்கார்த்தி கொடுத்த விலை என்ன அண்ணா?

இரண்டு முக்கியம். ஒன்று, பதவி நீக்கத் தீர்மானத்தை ஒரே ஒரு உறுப்பினர் கொண்டுவந்தாலும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற விதி. பேனருக்கு நடந்ததைப் பார்த்து, 2019-இல் ஜனநாயகக் கட்சியின் நான்சி பெலோசி சபாநாயகராக இருந்த காலத்தில் கட்சியே முடிவெடுத்தால்தான் அப்படி ஒரு தீர்மானம் செல்லும் என்று மாற்றியிருந்தார்கள். மெக்கார்த்தி முதலில் ஐந்து பேர் என்றார், பிறகு ஒன்று என்று இறங்கினார்.

இரண்டாவது, வெளியே அதிகம் பேசப்படாதது, ஆனால் எனக்குக் கேட்டால் அதுதான் பெரியது: விதிகள் குழுவில் மூன்று இடங்கள். எந்த மசோதாவும் அவைக்குப் போகும் முன் இந்தக் குழுவின் வாசலைத் தாண்ட வேண்டும். 13 பேரில் 9 பேர் ஆளும் தரப்பு, சபாநாயகரின் சொந்த ஆட்களாகவே இருப்பார்கள். அதில் மூவர் முறைத்துக்கொண்டால் 9 ஆறாகிவிடும், எதிரே நான்கும் மூன்றும் ஏழு. வாசற்சாவியில் ஒரு நகல் எடுத்துக் கொடுத்த மாதிரி.

கே: அப்புறம் ஏன் ஒன்பதே மாதத்தில் கவிழ்ந்தார்?

இரண்டு தடவை எதிர்க்கட்சி வாக்கோடு மசோதாவை நிறைவேற்றினார். முதலாவது கடன் உச்சவரம்பு ஒப்பந்தம், 2023 மே 31, 314-117 என்று தேறியது, அதில் ஜனநாயகக் கட்சியினர் 165, சொந்தக் கட்சியினர் 149. கோபத்தில் அடுத்த வாரமே பதினோரு பேர், மசோதாக்களை விவாதத்துக்கு எடுக்க வழிவிடும் ஒரு சாதாரண விதித் தீர்மானத்தைத் தோற்கடித்து அவையை ஸ்தம்பிக்க வைத்தார்கள். 2002-க்குப் பிறகு அதுவரை அப்படி ஒரு தோல்வி நடந்ததே இல்லை. எதிர்ப்புக் காட்ட மசோதாவைத் தோற்கடிக்க வேண்டியதில்லை, அது அவைக்கு வரும் பாதையை அடைத்தால் போதும் என்பதை அன்று கற்றுக்கொண்டார்கள்.

இரண்டாவது, செப்டம்பர் 30 அன்று அரசு முடங்காமல் இருக்கத் தற்காலிகச் செலவு மசோதா. சொந்தக் கட்சியில் 90 பேர் எதிர்த்தார்கள். அக்டோபர் 2 கேட்ஸ் தீர்மானம், அக்டோபர் 3 வாக்கெடுப்பு, 216-210. எட்டே எட்டு குடியரசுக் கட்சிக்காரர்கள், கூடவே 208 ஜனநாயகக் கட்சியினர். அமெரிக்க வரலாற்றில் ஒரு சபாநாயகர் வாக்கெடுப்பில் நீக்கப்பட்டது அதுவே முதல் தடவை. அந்த எட்டுப் பேரும் ஃப்ரீடம் காகஸ்காரர்கள் என்று நினைக்காதீர்கள், நான்சி மேஸ் அதில் உறுப்பினர்கூட இல்லை. காகஸை உருவாக்கிய ஜோர்டனோ மெக்கார்த்தி பக்கம் நின்றார்.

கே: ஜனநாயகக் கட்சியினர் நினைத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமே?

தாராளமாக. ஒரு சிலர் வராமல் இருந்திருந்தாலே போதும். ஆனால் அவர்கள் மசோதாவை நிறைவேற்றிக் கொடுத்த மறுநாளே மெக்கார்த்தி தொலைக்காட்சியில் உட்கார்ந்து, அரசு முடங்க வேண்டும் என்று நினைத்தவர்கள் அவர்கள்தான் என்கிற மாதிரி பேசினார். அந்தக் காட்சித் துண்டை ஜனநாயகக் கட்சியின் கூட்டத்தில் போட்டுக் காட்டினார்கள். அதற்கு மேல் யார் கை தூக்குவார்கள்? இவரும் போய்க் கேட்கவில்லை.

மெக்கார்த்திக்குப் பிறகு சபாநாயகரான மைக் ஜான்சன் கதையை இதோடு வைத்துப் பாருங்கள். 2024 ஏப்ரலில் உக்ரைன் உதவி மசோதாவைத் துணிந்து அவைக்குக் கொண்டுவந்தார். மே 8 அன்று அவர் கட்சியின் மார்ஜரி டெய்லர் கிரீன் பதவி நீக்கத் தீர்மானம் கொண்டுவந்தபோது, அதை ஒதுக்கி வைக்க 359 பேர், எதிர்த்து 43 பேர் மட்டுமே. அந்த 359-இல் 163 பேர் ஜனநாயகக் கட்சியினர். அதே விதி, அதே கத்தி, ஆனால் வெட்டவில்லை. மேலே சொன்ன இரவல் பலத்தை அன்று எதிர்க்கட்சி திருப்பி வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கே: நம்ம நாட்டில் ஏன் இப்படி நடப்பதில்லை?

1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம். கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகலாம். 2017-இல் தமிழ்நாட்டில் 18 சட்டமன்ற உறுப்பினர்கள் முதல்வருக்கு ஆதரவில்லை என்று ஆளுநரிடம் கடிதம்தான் கொடுத்தார்கள், அதற்கே சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார், உயர் நீதிமன்றமும் மறு ஆண்டு அதை உறுதி செய்தது. அமெரிக்காவில் அதிகபட்சம் குழுப் பதவி போகும், உறுப்பினர் பதவி போகாது. எது நல்லது என்று கேட்காதீர்கள், பாதி நாள் ஒன்று, மீதி நாள் இன்னொன்று என்று மாறிக்கொண்டே இருக்கிறேன்.

கே: தொகுதி மக்கள் இவர்களைத் தண்டிக்க மாட்டார்களா?

பெரும்பாலும் எதிர்க்கட்சி ஜெயிக்கவே முடியாத தொகுதிகள் அவர்களுடையவை. பயம் பொதுத்தேர்தலில் இல்லை, கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரியில்தான். 2014 ஜூனில் சபையின் இரண்டாம் நிலைத் தலைவரான எரிக் கேன்டரையே டேவ் பிராட் என்ற பொருளாதாரப் பேராசிரியர் பிரைமரியில் தோற்கடித்தார். அன்றிலிருந்து தலைமையோடு ஒத்துப்போவதுதான் ஆபத்து என்றாகிவிட்டது. தலைவர் என்ன ஆசை காட்ட முடியும்? பதவியா? அது வேண்டாதவனை எதைக் காட்டி மடக்குவது!

கே: இதெல்லாம் ட்ரம்ப் காலத்துப் பழக்கமா?

இல்லை இல்லை. 1910-இல் ஜார்ஜ் நோரிஸ் தலைமையில் குடியரசுக் கட்சியின் அதிருப்திக்காரர்கள் எதிர்க்கட்சியோடு சேர்ந்து ஜோசப் கேனன் என்ற சர்வ வல்லமை சபாநாயகரை விதிகள் குழுவிலிருந்தே வெளியேற்றினார்கள். 1923-இல் ஏறத்தாழ இருபது முற்போக்குக் குடியரசுக் கட்சியினர் சபாநாயகர் தேர்தலை ஒன்பது சுற்று இழுத்து, விதிகளை மாற்ற விவாதம் நடத்துவோம் என்ற வாக்குறுதியை வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள். 2023-இல் கேட்டதும் முக்கியமாக விதிகள்தான். விவரம் தெரிந்த கோஷ்டி கேட்பது அதைத்தான்.

கே: கடைசியில் அந்த எட்டுப் பேருக்கு என்னதான் கிடைத்தது?

22 நாள் நாற்காலி காலி. ஸ்கேலிஸ், ஜோர்டன், எமர் என்று மூன்று வேட்பாளர்கள் வரிசையாக விழுந்து, ஜான்சன் வந்தார். செலவு குறைந்ததா என்றால் பெரிதாக இல்லை. கவிழ்த்தவர்களில் ஒருவரான பாப் குட், காகஸின் தலைவராகவே இருந்தவர், 2024 பிரைமரியில் ட்ரம்ப் ஆதரித்த வேட்பாளரிடம் தோற்றார். 2025 ஜனவரியில் விதியையும் மாற்றி, தீர்மானம் கொண்டுவர ஆளுங்கட்சியில் ஒன்பது பேர் வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள்.

கே: அப்படியானால் ஜான்சனுக்கு இனி நிம்மதி?

அதுதான் இல்லை. 218 பேர் கையெழுத்துப் போட்டால் சபாநாயகர் விரும்பாத மசோதாவையும் அவைக்கு இழுத்துவிடலாம். 2025 நவம்பரில், பாலியல் குற்றவாளி ஜெஃப்ரி எப்ஸ்டீன் பற்றிய அரசுக் கோப்புகளை வெளியிடும் மசோதாவுக்கு அப்படி 218 சேர்ந்தது, குடியரசுக் கட்சியிலிருந்து கையெழுத்திட்டவர்கள் நான்கே பேர். மாதக்கணக்கில் தள்ளிக்கொண்டே வந்த ஜான்சனும் வாக்கெடுப்பு என்று வந்ததும் ஆதரித்தே போட்டார், 427-1. அந்த நால்வரில் கிரீனும் ஒருவர், முந்தைய ஆண்டு 43 வாக்கோடு தோற்றுப் போனாரே, அதே ஆள்.