மலிவு விலை போர்பன்: ருசித்து எடைபோடுவது எப்படி? (கேள்வி பதில்)

கே: அண்ணா, எவன் வில்லியம்ஸ் பிளாக், ஜிம் பீம் ஒயிட் ரெண்டும் வாங்கியாச்சு. எது நல்லதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ப: இரண்டும் போர்பன்தான், அதாவது மக்காச்சோளத்தை முக்கியமாக வைத்து வடிக்கும் அமெரிக்க விஸ்கி. ஒவ்வொன்றிலும் 20 மி.லி. போதும். அடி அகன்று வாய் குறுகிய கிளாஸ் எடுங்கள். சின்ன ஒயின் கிளாஸே சரிப்படும். ஊற்றி 10 நிமிடம் விட்டால் ஆல்கஹால் நெடி கொஞ்சம் அடங்கும். முகரும்போது வாயை லேசாகத் திறந்து வையுங்கள். வாயை மூடிக்கொண்டு ஆழமாக இழுத்தால் மூக்கு எரியும், அப்புறம் கொஞ்ச நேரத்துக்கு வாசமே பிடிபடாது. முதல் மிடறு நாக்கைப் பழக்க மட்டும். அதை வைத்துத் தீர்ப்பு வேண்டாம். இரண்டாவதை ஐந்தாறு விநாடி வாய்க்குள் சுழற்றி விழுங்கி, மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். விழுங்கிய பிறகு என்ன ருசி நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில்தான் மலிவுச் சரக்கின் தரம் வெளிப்படும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆல்கஹால் அளவு எவன் வில்லியம்ஸில் 43%, ஜிம் பீமில் 40%. வீரியம் கூடினாலே ருசி கூடினதுபோல் தோன்றும். ஆகவே 20 மி.லி. எவன் வில்லியம்ஸில் 1.5 மி.லி. தண்ணீர் சேருங்கள், இரண்டும் 40% ஆகிவிடும். மருந்துக்கடை சிரிஞ்ச் (ஊசி வேண்டாம்) அளக்க வசதி.

கே: 50% பாட்டிலுக்கும் இதே கணக்கா?

ப: 30 மி.லி.க்கு 7.5 மி.லி. தண்ணீர். ஆனால் முதலில் தண்ணீர் இல்லாமல் ஒரு மிடறு பாருங்கள். என்னைக் கேட்டால், கொடுத்த காசுக்கு நியாயம் செய்வது ‘பாட்டில்ட் இன் பாண்ட்’ வகைதான். 1897-ல் வந்த அமெரிக்கச் சட்டம்: ஒரே ஆலை, ஒரே பருவத்தில் வடித்தது, குறைந்தது 4 ஆண்டு பீப்பாயில், சரியாக 50%. எவன் வில்லியம்ஸ் வெள்ளை லேபிள் அந்த வகை.

கே: நெயில் பாலிஷ் வாசனை வருதே, கெட்டுப்போச்சா?

ப: இல்லை. அது எத்தில் அசிடேட் என்ற வேதிப்பொருள். எல்லா விஸ்கியிலும் கொஞ்சம் இருக்கும், இளசான சரக்கில் தூக்கலாகத் தெரியும். கால் மணி நேரம் கழித்தும் அதுவே முன்னால் நின்றால் மதிப்பெண் குறையுங்கள். வேகவைத்த மக்காச்சோள வாசமும் பீப்பாயில் போதுமான காலம் இருக்கவில்லை என்பதற்கு அடையாளம். ஜிம் பீமில் பலருக்குப் படும் வேர்க்கடலை வாசம் மட்டும் குறையல்ல, அந்த ஆலையின் குணம்; பிடிக்காதவர்களும் நிறையப் பேர்.

கே: இவ்வளவு இனிப்பா இருக்கே, சர்க்கரை போடுறாங்களா சார்?

ப: போடக் கூடாது. போர்பனில் சாயமும் சுவையூட்டியும் சேர்க்கச் சட்டம் விடாது. வடிக்கும் தானியக் கலவையில் குறைந்தது 51% மக்காச்சோளம். உள்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாய். வெனிலா வாசம் மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளிலிருந்து, கேரமல் ருசி சூட்டில் உடைந்த மரச் சர்க்கரையிலிருந்து, கிராம்பு வாசம் ஓக் மரத்தில் உள்ள யூஜெனால் என்ற பொருளிலிருந்து. தேன், ஆப்பிள் என்று லேபிளில் இருந்தால் அது வேறு சரக்கு, இந்தத் தராசில் வைக்காதீர்கள்.

கே: வயசு போடாத பாட்டிலை நம்பலாமா?

ப: ‘ஸ்ட்ரெயிட்’ என்ற சொல்லைத் தேடுங்கள். அப்படியென்றால் குறைந்தது 2 ஆண்டு பீப்பாயில் இருந்தது. 4 ஆண்டுக்குக் குறைந்தால் வயதைப் போட்டே ஆகவேண்டும். ஆக, ‘ஸ்ட்ரெயிட்’ இருந்து வயது இல்லையென்றால் 4 ஆண்டாவது ஆகியிருக்கும்.

கே: நான் கோலா கலந்துதான் குடிப்பேன்.

ப: அப்படியென்றால் ராவாக ருசித்து எடுத்த முடிவு உங்களுக்குப் பொருந்தாது. கலந்தே ஒப்பிடுங்கள். 40% சரக்கு கோலாவில் காணாமல் போகும், வைல்ட் டர்க்கி 101 (50.5%) அல்லது ரை தானியம் அதிகமுள்ள ஓல்ட் கிராண்ட்-டாட் பாண்டட் (இதுவும் ‘பாட்டில்ட் இன் பாண்ட்’ வகை) தாக்குப்பிடிக்கும்.

கே: லேபிள் தெரியாம குடிச்சா எனக்கு வித்தியாசமே தெரியலைண்ணா.

ப: மூன்று கிளாஸ் சோதனை செய்யுங்கள். வேறொருவர் ஊற்றட்டும்: இரண்டில் ஒரே சரக்கு, மூன்றாவதில் மற்றது. தனித்து நிற்பது எது என்று மட்டும் சொல்லவேண்டும். குருட்டாம்போக்கில் சரியாக வர மூன்றில் ஒரு வாய்ப்பு. தொடர்ந்து மூன்று தடவை வர 27-ல் ஒன்றுதான். மூன்று சுற்றையும் ஒரே ராத்திரியில் முடிக்கவேண்டாம், நாக்கு மரத்துவிடும். அதற்கு முன் காபியும் காரச் சைடிஷும் கூடாது. இரண்டு மூன்று நாள் பார்த்தும் பிடிபடவில்லையென்றால் விலை குறைந்ததையே வாங்குங்கள்.