லெப்பர்ட் 2 மாடலின் பின்புற வெள்ளைச் சிலுவை

வணக்கம் நண்பரே. நீங்கள் செய்யும் லெப்பர்ட் 2 (ஜெர்மன் டாங்கி) சிறு மாடலில் உள்ள வெள்ளைச் சிலுவை பற்றிக் கேட்டிருந்தீர்கள். பின்பக்கம் இருக்கும் அந்த வெள்ளைச் சிலுவை படைச் சின்னம் இல்லை, வழிகாட்டிக் குறி. இரவில் மற்ற விளக்குகளை அணைத்து ஓட்டும்போது அதன்மேல் மட்டும் மங்கலான வெளிச்சம் விழும். பின்னால் வருபவர் அதைப் பார்த்தே இடைவெளி பிடிப்பார். கறுப்புப் பின்னணியில் மட்டான வெள்ளை அடியுங்கள், பளபளப்பு வேண்டாம்.

மாடலில் நீங்கள் வைத்திருக்கும் சிவப்புக் கொடியை மட்டும் எடுத்துவிடுங்கள். ஜெர்மன் சாலையில் அணியாகப் போகும் ராணுவ வண்டிகளுக்கு நீலக் கொடி, கடைசி வண்டிக்குப் பச்சை. டாங்கி 3.7 மீட்டர் அகலம் என்பதால் பீரங்கிக் கோபுரத்தின்மேல் மஞ்சள் சுழல் விளக்கும் வைப்பார்கள். அது கழற்றக்கூடியது, போர்க்களக் காட்சி என்றால் விட்டுவிடலாம். அப்புறம், சாலைக் காட்சிக்குப் பக்கக் கண்ணாடிகளை மறக்காதீர்கள். நானே ஒருமுறை மறந்திருக்கிறேன்!